அக்காவின் களைப்பும் இரத்த றிப்போட்டும்: இரும்பு எங்கே போகிறது?

தம்பி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு 43 வயது. விசுவமடுவில் தோட்டமும் வயலுமாகப் பாடுபடுகிறா. ஆறேழு மாதமாகத் தீராத களைப்பு. தண்ணீர்க் குடத்தோடு படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, மத்தியானம் படுத்தால் எழும்ப மனமில்லை. கிளிநொச்சியில் இரத்தம் சோதித்தபோது றிப்போட்டில் பல இடத்தில் ‘எச்’ (கூட), ‘எல்’ (குறைவு) என்று அடையாளம். வைத்தியர் இரும்புக் குளிசை தந்து ஒரு மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறார். வீட்டிலோ இது இரத்தப் புற்றுநோயாக இருக்குமோ, கிட்னி பழுதாகிவிட்டதோ என்று ஒருவரும் நித்திரை கொள்வதில்லை. அக்கா நாரி (இடுப்பு) நோவுக்கு ஃபார்மசியில் குளிசை வாங்கிப் போடுகிறவ என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முழுக் கேள்வியிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

நான் வைத்தியர் இல்லை. வன்னியில் அரச வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மருந்தை மாற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்தக் கடதாசி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை, அடுத்த முறை கிளினிக்கில் எதை வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

முதலில் இந்த ‘எச்’, ‘எல்’ விசயம். றிப்போட்டின் வலப்பக்கத்தில் போட்டிருக்கும் சாதாரண எல்லை, சுகமாக இருக்கும் நூறு பேரைச் சோதித்தால் 95 பேருக்கு வரும் அளவு. மிச்சம் 5 பேர் நோய் எதுவும் இல்லாமலே அந்த எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், முழுச் சுகமாக இருந்தாலும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டி வருவதற்கு நூற்றுக்கு 64 வாய்ப்பு. ஆகவே அடையாளங்களை எண்ணிப் பயப்படுவதில் பொருள் இல்லை. எது எவ்வளவு தள்ளி நிற்கிறது, எது எதனோடு சேர்ந்து தள்ளி நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் அக்காவின் றிப்போட்டில் நான்கு எண்கள் ஒரே கதையைச் சொல்கின்றன. செங்குழியத்தில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபின் 9.4. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எம்.சி.வி. 70. இது ஒரு செங்குழியத்தின் சராசரிப் பருமன், 80க்கும் 100க்கும் இடையில் இருக்க வேண்டியது. அக்காவின் குழியங்கள் சிறுத்துப் போயிருக்கின்றன. ஆர்.டி.டபிள்யூ. 18.2, அதாவது குழியங்கள் ஒரே அளவாக இல்லை, சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கின்றன. இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுக்கள் 4,68,000, கொஞ்சம் கூட. இந்த நான்கும் ஒன்றாக வந்தால் ஆய்வுகூடத்தில் இருக்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைபாடு. சிறுதட்டுக்கள் கூடியிருப்பதும் இரும்புக் குறைவால் வருவதுதான், தனி நோய் என்று எடுக்கத் தேவையில்லை.

எம்.சி.வி. குறைவதற்கு நம் நாட்டில் இன்னொரு பெரிய காரணம் தலசீமியாக் காவிநிலை. தலசீமியா என்பது ஈமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய், காவிநிலை பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. பெரும்பாலும் தொல்லை தராது, ஆனால் காவிகள் இருவர் கல்யாணம் செய்தால் பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வரக்கூடும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. எம்.சி.வி.யைச் செங்குழிய எண்ணிக்கையால் பிரிப்பது. அக்காவுக்கு 70ஐ 4.05ஆல் பிரித்தால் 17 வருகிறது. 13க்கு மேலே என்றால் இரும்புக் குறைவின் பக்கம், கீழே என்றால் தலசீமியாவின் பக்கம். இது ஒரு சாய்வைக் காட்டும் கணக்கு, தீர்ப்பு இல்லை. இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். இரும்பு குறைந்திருக்கும் நேரத்தில் தலசீமியாச் சோதனை செய்தால் இல்லாதது போலக் காட்டிவிடலாம். அதனால்தான் முதலில் இரும்பைச் சரிக்கட்டிவிட்டு, அதற்குப் பிறகும் எம்.சி.வி. ஏறாவிட்டால் அந்தச் சோதனைக்கு அனுப்புவார்கள். வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தால் இதை மறந்துவிட வேண்டாம்.

இரும்புக் குறைவை உறுதிப்படுத்துவது ஃபெரிற்றின் சோதனை. ஈமோகுளோபின் சட்டியில் வெந்துகொண்டிருக்கும் சோறு என்றால், ஃபெரிற்றின் வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் நெல் மூட்டை. மூட்டை தீர்ந்து பல நாளுக்குப் பிறகுதான் சட்டி காயும். அதனால் ஈமோகுளோபின் 12க்கு மேலே இருக்கிறபோதே ஃபெரிற்றின் வற்றிப்போய்க் களைத்துத் திரியும் பெண்கள் இருக்கிறார்கள். ‘இரத்தம் நல்லாயிருக்கு’ என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவது எனக்கு எப்போதும் மனவருத்தம். ஃபெரிற்றின் 15க்குக் கீழே என்றால் இரும்பு தீர்ந்துவிட்டது என்பது நிச்சயம். 30க்குக் கீழே இருந்தாலே பல வைத்தியர்கள் குறைவு என்று எடுப்பார்கள். காய்ச்சலோ அழற்சியோ உடம்பில் இருந்தால் ஃபெரிற்றின் பொய்யாக ஏறும், அப்போது 70 வரைக்கும்கூடச் சந்தேகப்பட வேண்டும். எல்லா அரச ஆய்வுகூடங்களிலும் இது எந்நேரமும் செய்யக் கிடைப்பதில்லை. வெளியில் செய்யப் பணவசதி இல்லை என்றால் இரும்புக் குளிசையைத் தொடங்கி, ஒரு மாதத்தில் ஈமோகுளோபின் ஏறுகிறதா என்று பார்ப்பதே நல்ல சோதனை. உங்கள் வைத்தியர் செய்திருப்பது அதுதான், நியாயமான வழி. ‘பிளட் பிக்சர்’ கேட்டுப் பாருங்கள். இரத்தத் துளியை மெல்லிய படலமாக்கி நுணுக்குக்காட்டியில் ஒருவர் கண்ணால் பார்க்கும் சோதனை அது. இயந்திரம் எண்ணும், கண் பார்த்துச் சொல்லும்.

புற்றுநோய்ப் பயத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இரத்தப் புற்றுநோயில் பொதுவாக வெண்குழியம் அளவுக்கு மிஞ்சி ஏறியிருக்கும், அல்லது மூன்று வகைக் குழியங்களும் சேர்ந்து இறங்கும். விட்டு விட்டுக் காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் நீலப் புள்ளிகள், முரசில் இரத்தக்கசிவு, கழுத்திலும் கக்கத்திலும் நெறி என்று வேறு அடையாளங்களும் வரும். அக்காவின் வெண்குழியம் 7,200, சாதாரணம். சிறுதட்டுக்கள் குறையவில்லை. நீங்கள் எழுதியதில் காய்ச்சலும் இல்லை. இந்த றிப்போட்டில் இரத்தப் புற்றுநோய்க்கான அடையாளம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பிளட் பிக்சர் பார்த்தால் மிச்சச் சந்தேகமும் தீரும்.

இனித்தான் முக்கியமான கேள்வி. இரும்பு எங்கே போகிறது?

இரும்பு உடம்பில் இருந்து தானாகக் கரைந்து போகிற பொருள் இல்லை. 120 நாளில் செத்துப்போகும் செங்குழியத்தின் இரும்பைக்கூட உடம்பு எடுத்துத் திரும்பப் பாவிக்கும். ஆகவே 43 வயதில் இரும்பு இவ்வளவு வற்றியிருந்தால் ஒன்றில் இரத்தம் எங்கோ போகிறது, அல்லது சாப்பாட்டில் போதவில்லை, அல்லது குடல் உறிஞ்சவில்லை. குளிசை ஈமோகுளோபினை ஏற்றும், போகிற வழியை அடைக்காது. குளிசையை முடித்துவிட்டு ‘சுகம்’ என்று இருந்து, அடுத்த வருசம் 8க்கு இறங்கி வந்து நின்றவர்களின் குழாய்களை நான் ஆய்வுகூட மேசையில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அக்காவின் வயதில் முதலில் கேட்க வேண்டியது மாதவிடாயைப் பற்றி. நீங்கள் தம்பி என்பதால் உங்களிடம் சொல்லமாட்டா. அம்மாவோ மச்சாளோ கேட்கட்டும். ஏழு நாளுக்கு மேல் போகிறதா, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, இரவில் எழும்பி மாற்ற வேண்டியிருக்கிறதா, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு லூப் போட்டிருக்கிறாவா. நாற்பதுகளில் மாதவிடாய் கூடுவது ‘வயசுக்கு வாறதுதான்’ என்று நம் பெண்கள் பொறுத்துக்கொள்வார்கள். கர்ப்பப்பையில் கட்டி இருந்தால் ஒரு ஸ்கானில் தெரிந்துவிடும், அதற்கு வைத்தியமும் உண்டு. ஆண் வைத்தியரிடம் சொல்லக் கூச்சம் என்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லச் சொல்லுங்கள். 35 வயது தாண்டிய பெண்களுக்கென்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ‘வெல் வுமன் கிளினிக்’ நடத்துகின்றன. இலவசம். கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனையும் அங்கேயே செய்வார்கள். அக்கா இன்னும் அங்கே போகவில்லை என்றால் இதைச் சாட்டியாவது போகட்டும்.

இரண்டாவது, அந்த நாரி நோக் குளிசை. பெயர் நீங்கள் எழுதவில்லை. பல ஃபார்மசிகளில் குளிசையை எண்ணிக் கடதாசி உறைக்குள் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், என்ன மருந்து என்று வாங்கினவருக்கே தெரியாது. டைக்ளோஃபெனக், இபுபுரோஃபன், மெஃபெனமிக் அசிட் என்று இதில் எதுவாக இருந்தாலும், அடிக்கடி போட்டால் இரைப்பையில் புண் வைத்து இரத்தம் கசியப் பண்ணும். வலியே இல்லாமலும் கசியும். நாளுக்கு ஒரு தேக்கரண்டி அளவு போனாலும் மாதக்கணக்கில் இரும்பு தீர்ந்துவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அது மட்டுமில்லை, வெய்யிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துவிட்டு இந்தக் குளிசையைப் போடுவது சிறுநீரகத்துக்கும் கேடு. வன்னியில் இது அக்கா ஒருவரின் பிரச்சினை இல்லை. உடம்பில் ஷெல் துண்டோடும் பழைய காயத்தோடும் வாழ்கிற எத்தனையோ பேர் வருசக்கணக்காக இந்தக் குளிசையில்தான் நாளை ஓட்டுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், வலி அப்படி. ஆனால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பரசிட்டமோல் அளவோடு எடுத்தால் இரைப்பைக்குப் பாதிப்பில்லை. நோவைக் குறைக்க வேறு வழிகளும் இருக்கின்றன, வைத்தியரே சொல்வார். ஃபார்மசிக் குளிசையின் பெயரை எழுதி வாங்குங்கள், அல்லது உறையையே கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். இரும்புக் குளிசை தொடங்குவதற்கு முன்னர் மலம் தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு, நாற்றமாகப் போனதா என்று அக்காவிடம் கேளுங்கள். இரும்புக் குளிசை தொடங்கிய பிறகு கறுப்பாகத்தான் போகும், அப்போது கேட்டால் பிரித்தறிவது கஷ்டம்.

(ஷெல் துண்டு, சன்னம் உடம்பில் இருக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினால் இதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஈயச் சன்னம் மூட்டுக்குள் கிடந்தால், மிக அரிதாக, ஈயம் மெல்லக் கரைந்து இரத்தத்தில் சேர்ந்து சோகையும் களைப்பும் தரலாம். அதற்குத் தனிச் சோதனை உண்டு.)

மூன்றாவது கொக்கிப்புழு. அக்காவின் றிப்போட்டில் வெண்குழியத்தில் ஒரு வகையான இயோசினோஃபில் 9 வீதம். கொஞ்சம் கூட. ஒவ்வாமை, இழுப்பு இருந்தாலும் இது கூடும், ஆனால் வெறுங்காலோடு தோட்டத்தில் நிற்கிற ஒருவருக்கு இரும்பும் குறைந்து இயோசினோஃபிலும் கூடியிருந்தால் புழுவை மறக்கக்கூடாது. மண்ணில் இருந்து காலின் தோல் வழியாக ஏறி, குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சும். பூச்சிக் குளிசை மலிவு, பெரும்பாலும் ஒரு வேளையோடு முடியும். மலச் சோதனை செய்வதா, நேரே குளிசை தருவதா என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும். செருப்பில்லாமல் தோட்டத்துக்குள் இறங்குவதை அக்கா விடவேண்டும்.

இந்த மூன்றிலும் காரணம் அகப்படாவிட்டால், அல்லது உடம்பு மெலிகிறது, மலம் போகும் பழக்கம் மாறியிருக்கிறது, குடும்பத்தில் யாருக்கோ குடல் புற்றுநோய் இருந்தது என்றால், கமராக் குழாய் விட்டு இரைப்பையையும் குடலையும் பார்க்க வேண்டிவரும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு வந்தால் இந்தச் சோதனையை முதலிலேயே நினைக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்பாவுக்கு இதே றிப்போட் வந்திருந்தால் நான் இந்தப் பதிலை வேறு மாதிரித் தொடங்கியிருப்பேன்.

மிச்ச அடையாளங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். செங்குழியங்கள் குழாயின் அடியில் படியும் வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 42 என்பது பயமுறுத்தும் எண் போலத் தெரியும். 43 வயதுப் பெண்ணுக்கு 26 வரைக்கும் சாதாரணம் என்று எடுக்கலாம், அதோடு இரத்தச்சோகையே ஈ.எஸ்.ஆரைத் தூக்கும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் சளிச் சோதனை கேளுங்கள், காசநோய் நம் பகுதியில் இல்லாத நோய் இல்லை. ஈ.எஸ்.ஆர். 100ஐத் தாண்டினால் அது வேறு கதை, அப்போது காரணத்தைத் தேடியே ஆகவேண்டும். ஈரலுக்கான எஸ்.ஜி.பி.ரி. 48, சின்ன ஏற்றம். ஈரலில் கொழுப்பு, சில மருந்துகள், தெரியாத கசாயங்கள் இப்படிப் பல காரணம் உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் திரும்பப் பார்த்தால் போதும். வெறுவயிற்றுச் சீனி 106. 126க்கு மேலே இரண்டு தரம் வந்தால்தான் நீரிழிவு. 100க்கும் 125க்கும் இடையில் என்றால் கவனிக்க வேண்டிய நிலை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை, இரும்பு குறைந்திருக்கும்போது உண்மையை விடக் கூட்டிக் காட்டலாம். ஆகவே சோகை தீர்ந்த பிறகு அதைச் செய்வது நல்லது.

தைரொயிட்டுக்கான ரி.எஸ்.எச். 5.9. எல்லை 4 வரைக்கும். களைப்புக்கு இதுதான் காரணம் என்று யாராவது சொல்லி, நாளைக்கே தைரொக்சின் என்ற தைரொயிட் மருந்தைத் தொடங்கச் சொல்லக்கூடும். அவசரம் வேண்டாம். 10க்குக் கீழே இருக்கிற ரி.எஸ்.எச். பல பேருக்குத் தானாக இறங்கிவிடும், வேறு வருத்தம் வந்து போகும்போதும் ஏறும். இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு தைரொயிட் ஹோர்மோனைக் காட்டும் ஃப்ரீ ரி4ஓடு சேர்த்துத் திரும்பச் செய்து பார்ப்பதுதான் முறை. அக்கா பிள்ளை பெறும் எண்ணத்தில் இருந்தாலோ, கழுத்தில் வீக்கம் இருந்தாலோ முன்னரே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஒருவேளை பின்னால் தைரொக்சின் தொடங்கினால், அதற்கும் இரும்புக் குளிசைக்கும் இடையில் நான்கு மணித்தியாலமாவது இருக்க வேண்டும். இரும்பு அந்த மருந்தைக் கட்டிப்போட்டுவிடும்.

கிட்னி. வன்னியில் இந்தச் சொல்லைக் கேட்டாலே வீடு கலங்குவது எனக்குத் தெரியும். காரணம் தெளிவாகத் தெரியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்டது. வவுனியா மாவட்டத்திலும் நோயாளிகள் இருக்கிறார்கள். நீரிழிவும் பிறசரும் இல்லாத விவசாயிகளுக்கும் வருகிறது. கிணற்று நீரின் ஃபுளோரைட்டும் கடினத்தன்மையும், விவசாய இரசாயனங்கள், வெய்யிலில் உடம்பு காய்வது என்று பல காரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள், ஒன்றை மட்டும் கைகாட்ட முடியவில்லை. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேற்றினின் அக்காவுக்கு 0.8. வயதையும் பெண் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் 90க்கு மேலே வருகிறது. 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால்தான் நீண்டகாலச் சிறுநீரக நோய் என்பார்கள். ஆகவே இந்தச் சோகை சிறுநீரகத்தால் வந்தது இல்லை. சிறுநீரகத்தால் வரும் சோகையில் குழியங்கள் பெரும்பாலும் சாதாரணப் பருமனில் இருக்கும், இப்படிச் சிறுக்காது. ஆனால் கிரியேற்றினின் பிந்தி ஏறுகிற எண். சிறுநீரகத்தின் வேலையில் ஏறத்தாழப் பாதி போன பிறகுதான் எல்லையைத் தாண்டும். அதனால் வருசத்துக்கு ஒருமுறை கிரியேற்றினினோடு சலத்தில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்ப்பது, தோட்டத்துக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டு போவது, அந்த நோக் குளிசையை விடுவது, இந்த மூன்றும் அக்காவுக்கு மட்டும் இல்லாமல் உங்கள் வீட்டில் வெய்யிலில் நிற்கிற எல்லாருக்கும்.

இரத்தம் எங்கே எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். ஊரில் ஒரு சேகரிப்பு நிலையத்தில் எடுத்த குழாய் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பயணம் போய்ச் சோதிக்கப்படும் காலம் இது. போகிற வழியில் சீனி இறங்கும், பொட்டாசியம் பொய்யாக ஏறும், சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை குறைவாகக் காட்டும். நோயாளி சுகமாக இருக்க, றிப்போட் மட்டும் பொட்டாசியம் 6 என்று சொன்னால், முதலில் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் உடனே திரும்ப எடுக்க வேண்டும். அக்காவின் முக்கிய எண்களை இந்தப் பயணம் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் ஒரு மாதத்தில் திரும்பச் செய்யும்போது அதே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். இரண்டு இடத்து எண்களை ஒப்பிட்டு ‘ஏறவில்லையே’ என்று கவலைப்பட வேண்டாம்.

குளிசையைப் பற்றி. ஃபெரஸ் சல்ஃபேற் 200 மில்லிகிராம் குளிசையில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம். நாளுக்கு ஒன்று போதும். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் பலன் தரும், வைத்தியரிடம் கேட்டு மாற்றுங்கள், தானாக நிறுத்த வேண்டாம். வெறுவயிற்றில், தேசிக்காய்த் தண்ணியோடு போட்டால் நன்றாகச் சேரும். பால், கல்சியக் குளிசை, தேத்தண்ணி இவற்றோடு சேர்க்கக்கூடாது. நம் வீடுகளில் சாப்பிட்ட கையோடு வெறுந்தேத்தண்ணி குடிப்பது வழக்கம். சோற்றிலும் கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பில் பாதிக்கு மேல் அந்த ஒரு கோப்பையால் வீணாகப் போகும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கு ஒன்று ஒன்றரை மணித்தியாலம் தள்ளி வைக்கட்டும். முருங்கையிலை நல்லதுதான், ஆனால் அதன் இரும்பு உடம்பில் சேர்வது கொஞ்சம். பீற்றூட் சாறும் மாதுளையும் நிறத்தால் நம்பவைக்கின்றன, 9.4ஐ 12 ஆக்கும் வலு அவற்றுக்கு இல்லை. மீன், நெத்தலி, கோழி, ஈரல் இவற்றின் இரும்பு நேரே சேரும். கீரைக்கும் கௌபிக்கும் தேசிக்காய் பிழிந்தால் அவையும் கூடச் சேரும்.

ஒரு மாதத்தில் ஈமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும், நன்றாகப் போனால் 2 ஏறும். ஏறினால் வழி சரி. சாதாரணத்துக்கு வந்த பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உள்ளே இருப்பும் நிரம்பும். பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். ஏறாவிட்டால் குளிசை ஒழுங்காகப் போகிறதா, இரத்தம் இன்னும் போகிறதா, தலசீமியாவா என்று வைத்தியர் அடுத்த படிக்குப் போவார். ஊசி மூலம் ஏற்றும் இரும்பும் இருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்தக் குளிசையை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். இனிப்பு என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கினால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 9.4 ஈமோகுளோபின் களைப்பைத் தரும், ஆனால் அக்காவின் களைப்பு முழுவதும் அதுவாக இருக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். நித்திரை வருகிறதா, சாப்பாட்டில் மனம் இருக்கிறதா, முன்பு விரும்பிச் செய்தவற்றில் இப்போது நாட்டம் இருக்கிறதா என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். இழப்பைச் சுமந்துகொண்டு, நுண்கடன் தவணைக்கும் பதில் சொல்லிக்கொண்டு, தனியாகக் குடும்பம் பார்க்கிற பெண்களின் களைப்பு எந்த இரத்தக் குழாயிலும் அகப்படாது. அது பொய்க் களைப்பு இல்லை, அதற்கும் வைத்தியம் உண்டு. மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தேசிய மனநல நிறுவனத்தோடு பேசலாம். ஈமோகுளோபின் 12க்கு வந்த பிறகும் அக்கா இப்படியே படுத்துக் கிடந்தால், ‘இரத்தம் சரிதானே’ என்று விட்டுவிடாமல் இந்தக் கேள்விகளுக்குத் திரும்பி வாருங்கள்.

ஒரு மாதம் காத்திருக்கக்கூடாத நிலைகளும் உண்டு. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ, மயங்கி விழுதல், தார் போன்ற மலம், இரத்தமாகச் சத்தி, நிற்காத மாதவிடாய் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வயல் வேலைக்குப் பிறகு திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவத்தல் அல்லது மஞ்சளாதல், சலம் குறைதல் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயலில் நின்றதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு இந்த றிப்போட்டின் மூலப்பிரதி, நோக் குளிசையின் பெயர், கடைசி மூன்று மாதவிடாயின் நாட்கள் இவை மூன்றையும் ஒரு கடதாசியில் எழுதி எடுத்துப் போங்கள். அங்கே இருக்கிற சனத்துக்குள் வைத்தியருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். ‘அக்காவுக்கு இரும்பு ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும் டொக்டர்’ என்பதை முதலில் சொல்லுங்கள். பிளட் பிக்சர் வந்ததும் அதில் எழுதியிருப்பதை அப்படியே எனக்கு அனுப்புங்கள், வாசித்து விளக்குகிறேன்.